காப்பி எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை

காகிதத்தைக் கையில் வாங்கியதும் அவள் முதலில் படிப்பாள். பிறகு ஒரு வார்த்தை சொல்வாள். அதற்குப் பிறகுதான் ஜெராக்ஸ் மெஷினின் மூடியைத் திறப்பாள். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து தாலுகா ஆபீஸ் பக்கம் போகிற வழியில் கடை வைத்திருந்த அந்த அக்காவைத் தெரிந்த யாரும் இந்த வரிசையை மாற்றிச் சொல்லமாட்டார்கள். அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. பெயர் போடாமல் ஒருமுறை எழுதியதற்கே இவ்வளவு ஆகிவிட்டது.

அந்தக் கடைக்கு நேர் மேலே மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. 2004-ல் அங்கே டீச்சராகச் சேர்ந்தேன். எனக்கு ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்து ஊர். பெரம்பலூரில் ஒரு ரூம் எடுத்து இன்னொரு பெண்ணோடு தங்கியிருந்தேன். சென்டரில் எட்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றில் மட்டும் இன்டர்நெட். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் படியிறங்கி அக்கா கடையில் நின்று டீ குடிப்பேன். அவள் என்னை ‘டீச்சரு’ என்றுதான் கூப்பிடுவாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். பத்தாவதில் கணக்கில் பெயில். விரல் நுனியெல்லாம் எப்போதும் மெஷின் பவுடரின் கறுப்பு. புருஷன் அரியலூர்ப் பக்கம் சிமென்ட் லாரி ஓட்டினார். வாரத்தில் ஒருநாள் வருவார், கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்காருவார், ஒரு வார்த்தை பேசமாட்டார்.

“அவரு பங்கையும் சேத்து நான்தான் பேசிக்கிட்டு இருக்கேன்” என்பாள் அக்கா.

ரோடு போடச் சொல்லி மனு எழுதிக்கொண்டு ஒரு பெரியவர் வருவார். ஒரே மனுதான், தேதி மட்டும் மாறும். ஒருநாள் அக்கா அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து சொன்னாள்: “அண்ணே, இதோட ஏழு தடவ ஆச்சு. ஏழு தடவயும் ‘பணிவுடன்’னு போட்டுப் பாத்துட்டீங்க. அடுத்த தடவ அத எடுத்துட்டுக் குடுத்துப் பாருங்க.”

பெரியவர் சிரிக்கவில்லை. பேனாவை வாங்கி அங்கேயே அந்தச் சொல்லை அடித்துவிட்டுக் காப்பி எடுத்துக்கொண்டு போனார்.

பரீட்சை நேரத்தில் காலேஜ் பையன்கள் நோட்ஸைக் கடுகளவு எழுத்தாகச் சுருக்கி எடுக்க வருவார்கள். சட்டைக் கைமடிப்புக்குள் வைப்பதற்கு. அக்கா அதையும் விடமாட்டாள். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பாள். “தம்பி, மூணாவது கேள்விக்கு ரெண்டாவது கேள்வி பதில எழுதியிருக்க. பிட்டு அடிக்கறதுக்கும் ஒருதடவ படிக்கணும்டா” என்பாள். அவன் முழித்துக்கொண்டு நின்று, திருத்தி எழுதிவிட்டு வந்து மறுபடி எடுப்பான்.

அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கி, பிறகு வேண்டாமென்று பெரம்பலூரோடு சேர்த்திருந்தார்கள். திரும்பப் பிரிக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து சாதிச் சான்றிதழோடு வருகிறவர்களிடம் எந்த மாவட்டம் போட்டிருக்கிறது என்று முதலில் பார்ப்பாள். “நீங்க அதே வூட்லதான் இருக்கீங்க. மாவட்டம்தான் உங்கள விட்டுட்டுப் போயிட்டுப் போயிட்டு வருது” என்பாள். தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒருவர் அதைக் கேட்டுப் புரையேறும்வரை சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

சினிமாவும் அவளுக்குக் காகிதம்தான். எதிர்ச்சுவரில் போஸ்டர் ஒட்டும்போதே படித்துவிடுவாள். “அம்பது பேர ஒத்தக் கையால அடிக்கறான். வூட்ல அம்மா கட்டில்ல கெடந்து இருமுது. இன்டர்வல் வரைக்கும் அத ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக ஒருத்தன் இல்ல. அடிவாங்குன அம்பது பேருல ஒருத்தனையாவது அனுப்பியிருக்கலாம்.” கேமரா வைத்த செல்போனை யாரோ முதல்முறையாகக் கொண்டுவந்து பெருமையாகக் காட்டியபோது, “போட்டோ எடுக்கற நேரத்துல போன் வந்துச்சுன்னா, அவங்கள சிரிக்கச் சொல்லுவியா, ஹலோ சொல்லுவியா?” என்று கேட்டாள். தேர்தலில் கலர் டிவி தருவதாகச் சொன்னபோது ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. அக்கா நோட்டீஸை இரண்டு பக்கமும் புரட்டிப் படித்தாள். “குடுத்தா வாங்கிக்குவேன். அதுல நியூஸ் பாத்துட்டு அதுக்கடுத்த ஓட்ட யாருக்குப் போடறதுன்னு முடிவு பண்ணுவேன்” என்றாள். இரண்டு கட்சிக்காரர்களும் கடையில் நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு பேருமே அது தங்களுக்குச் சாதகமாகச் சொன்னது என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவள் எதைச் சொன்னாலும் அந்தக் காகிதத்துக்குச் சொந்தக்காரரின் முகத்துக்கு நேராகத்தான் சொல்வாள். அவர் கடையை விட்டு இறங்கியபின் அதைப் பற்றி மூச்சுவிடமாட்டாள். நான்கூடச் சில சமயம் ஆவலில் கேட்டிருக்கிறேன்: “அந்தம்மா என்னக்கா அழுதுக்கிட்டே போறாங்க?” அக்கா டீ கிளாஸைக் கழுவி வைத்துக்கொண்டே சொல்வாள்: “அவங்க காயிதம், அவங்க கூடவே போயிடுச்சு டீச்சரு.”

நான் அப்படி இருக்கவில்லை.

அது தமிழில் நிறையப் பேர் வலைப்பதிவு எழுத ஆரம்பித்த காலம். சென்டரில் மதியம் இரண்டு மணிநேரம் யாரும் வரமாட்டார்கள். நானும் ஒன்று தொடங்கினேன். ஓர் ஆணின் பெயரை வைத்துக்கொண்டேன். பெண் பெயரில் எழுதினால் வருகிற மெயில்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். சினிமா, செல்போன், தேர்தல், பெரம்பலூர் வெயில் என்று மனதில் பட்டதையெல்லாம் எழுதினேன். முதல் இரண்டு மாதம் யாரும் படிக்கவில்லை. படிக்கும்படி அதில் ஒன்றுமில்லை.

ஒருநாள் கேமரா போனைப் பற்றி அக்கா சொன்னதை அப்படியே எழுதிப் போட்டேன். ‘ஜெராக்ஸ் அக்கா’ என்று பெயர் வைத்தேன். சாயங்காலம் திறந்து பார்த்தபோது பதினான்கு பின்னூட்டங்கள். சிங்கப்பூரிலிருந்து, குவைத்திலிருந்து, அமெரிக்காவிலிருந்து. “நண்பா, வயிறு வலிக்கச் சிரித்தேன்.” “உங்கள் நக்கல் தனி ரகம்.”

உங்கள் நக்கல்! எனக்கு அந்தச் சொல் இனித்தது. மறுநாள் கீழே போய் டீ குடித்தபோது அக்கா என்ன சொல்கிறாள் என்று வேறு காதோடு கேட்க ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு ஜெராக்ஸ் அக்கா. மனுக்காரப் பெரியவர், பிட்டுப் பையன், மாவட்டம், டிவி நோட்டீஸ் எல்லாவற்றையும் மேலே கொண்டுபோய் எழுதினேன். ஒவ்வொரு முறையும் அவள் சொன்னதில் ஒரு பிடி உப்பைக் கூட்டிப் போட்டேன். அவள் சிரிக்காத இடத்தில் சிரிக்க வைத்தேன். நாலு வார்த்தையில் நிறுத்தியதை எட்டு வார்த்தையாக இழுத்தேன்.

“எந்நேரமும் என்னத்த தட்டிக்கிட்டே இருக்க?” என்று அக்கா ஒருமுறை கேட்டாள்.

“பாடத்துக்கு நோட்ஸ்க்கா” என்றேன்.

“பசங்க குடுத்து வச்சவங்க” என்றாள்.

2006-ல் ஒரு முற்பகல். வகுப்பில் இருந்த என்னை அக்கா கீழிருந்து சத்தம்போட்டுக் கூப்பிட்டாள். இறங்கிப் போனேன். கடையில் லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்த ஒரு அம்மா நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். துப்பட்டியின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். மகன் சவுதிக்குப் போகப்போகிறான். பாஸ்போர்ட்டையும் வேலைக் காகிதத்தையும் காப்பி எடுக்க வந்திருக்கிறார்.

“டீச்சரு, இதப் படி” என்று அக்கா அந்த வேலைக் காகிதத்தை நீட்டினாள். “சூப்பர் மார்க்கெட்ல சேல்ஸ்மேன் வேலைன்னு அம்மா சொல்றாங்க. எனக்கு இங்கிலீஷ் ஓடாது. ஆனா எத்தன பேருக்கு இந்தக் காயிதம் போட்டுக் குடுத்திருக்கேன்! சேல்ஸ்மேன்னா எஸ்-ல ஆரம்பிக்கும். இதுல எஃப்-ல ஆரம்பிக்குதே?”

படித்தேன். ‘ஃபார்ம் லேபர்’, அதாவது பண்ணைத் தொழிலாளி என்று இருந்தது. கீழே, ஆடுகளையும் ஒட்டகங்களையும் பராமரிப்பது என்று ஒரு வரி. நகரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதற்கு நேராக ஒன்றும் எழுதவில்லை. தமிழில் சொன்னேன். அந்த அம்மா இரண்டாம் முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் மெஷினின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

“பி.காம். படிச்ச புள்ளம்மா. வெயில்ல கிரிக்கெட்டுகூட ஆடமாட்டான்.”

அக்கா அவரை ஸ்டூலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். ஏஜென்டிடம் போய்க் கேளுங்கள் என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். அந்த அம்மா தலையை ஆட்டினார்.

“ஏஜென்டு யாரு? என் நாத்தனார் வூட்டுக்காரருதான். சொந்தத்துக்குள்ள. என் மவளுக்கும் அவங்க மவனுக்கும் சின்ன வயசுலேயே பேசி வச்சிருக்கு. இப்ப நான் வாயத் தொறந்தா வூடு ரெண்டாயிடும்.” தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். “மஞ்சக்காமாலன்னு சொல்லி மெடிக்கல்லயே நிறுத்திடறேன். அல்லா மன்னிக்கட்டும். பாஸ்போர்ட்ட அவரு கையில குடுக்காம இருந்தா போதும். நீங்க ரெண்டு பேரும் இத யாருகிட்டயும் சொல்லிடாதீங்க தங்கச்சி.”

“இங்க பாத்தது இங்கயே போச்சும்மா” என்றாள் அக்கா. காப்பி எடுக்காமல் காகிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்தாள். அவர் போகும்போது ஒன்று மட்டும் சொன்னாள்: “ஆடு மேய்க்கறது தப்பான வேல இல்லம்மா. அத ஆடு மேய்க்கறதுன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போவணும். அவ்வளவுதான்.”

நானும் தலையாட்டினேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்றுதான் அதற்கு அர்த்தம்.

வெள்ளிக்கிழமை வந்தது. எழுத வேறு ஒன்றும் இல்லை என்று சொன்னால் அது பொய். இதைவிட நல்லது இல்லை என்பதுதான் நிஜம். ‘ஆடு மேய்க்கும் சூப்பர் மார்க்கெட்’ என்று தலைப்பு வைத்தேன். பெயர்கள் போடவில்லை. ஆனால் லப்பைக்குடிக்காடு என்று போட்டேன். நாத்தனார் புருஷன் என்று போட்டேன். மஞ்சள் காமாலையைப் போட்டேன். அக்கா சொன்ன கடைசி வார்த்தைக்கு முன்னால், ‘அக்கா மெஷின் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்’ என்று ஒரு வரி சேர்த்தேன். அது இல்லாமல் நகைச்சுவை எடுபடவில்லை.

அறுபது பின்னூட்டங்களுக்கு மேல் வந்தன. “ஓர் ஏஜென்டின் முகத்திரையைக் கிழித்துவிட்டீர்கள்” என்று ஒருவர் எழுதினார். அதைப் படித்தபிறகு, நான் செய்தது ஊருக்கு நல்லது என்றே நம்பிக்கொண்டேன். வளைகுடாவில் ஒரு ரூமில் எட்டுப் பேர், பத்துப் பேர் தங்கியிருப்பார்கள், அதில் ஒருவன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் படித்துவிட்டு அச்செடுத்துக்கொண்டு வந்து மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுவான் என்பதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். அவர்கள் படிக்க வேண்டும் என்றுதானே எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து, காலை பதினோரு மணி இருக்கும். நான் கடையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். மூன்று தாள்களை அக்காவிடம் கொடுத்தார்.

“அஞ்சு அஞ்சு காப்பி.”

தலைப்பு எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. அப்படியும் படிக்க முடிந்தது. நான் எழுதியது.

அக்கா வழக்கம்போலப் படிக்க ஆரம்பித்தாள். அவள் படிக்கும்போது உதடு லேசாக அசையும். முதல் தாளின் பாதியில் அசைவு நின்றது. பிறகு மெதுவாக ஆரம்பித்தது. இரண்டாவது தாள், மூன்றாவது தாள். ஒரு வரியைக்கூட விடவில்லை. அன்றைக்குக் கடையில் இருந்தது மூன்றே பேர் என்பது அவளுக்குத் தெரியும். அதில் கம்ப்யூட்டரில் தட்டுகிற ஆள் யார் என்பதும் தெரியும்.

“இதுல வர்ற ஜெராக்ஸ் அக்கா நீதான?” என்று அவர் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

“ஆமாங்க.”

“நான்தான் அந்த ஏஜென்டு. யாரு எழுதுனது இது?”

கையில் டீ கிளாஸ் சுட்டுக்கொண்டே இருந்தது. ‘நான்’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சென்டர் முதலாளி தெரிந்தால் வேலை போகும், ஊரில் அப்பாவுக்குத் தெரிந்தால் ரூமைக் காலி பண்ணச் சொல்லுவார் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. “எழுதுனது யாருன்னு தெரியலீங்க. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. கடைக்கு நாலு பேரு வர்றாங்க, போறாங்க. நான் வாய் ஓயாம பேசறவ. பேசிட்டேன். யாரோ எழுதிட்டாங்க. வாய் என்னுது, தப்பும் என்னுதுதான்.”

“ஜமாத்துல என்னைய நிக்க வச்சிட்டாங்க. விசாரிக்கற அஞ்சு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு குடுக்கணும். போடு.”

அவள் பதினைந்து தாள்களையும் போட்டாள். மூன்று மூன்றாகப் பிரித்து, பின் அடித்து, ஓரம் தட்டிக் கொடுத்தாள். அவர் போனபிறகு என்னிடம், “டீ ஆறுது. குடிச்சிட்டுப் போ. பசங்க வந்திருக்கும்” என்றாள்.

சாயங்காலம் கடைசி வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் அக்கா படியேறி வந்தாள். இரண்டு வருஷத்தில் அவள் மேலே வந்தது அதுதான் முதல் தடவை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“காட்டு. எல்லாத்தையும்.”

காட்டினேன். நான் மவுஸை நகர்த்த நகர்த்த அவள் படித்தாள். முப்பத்தி சொச்சம் வெள்ளிக்கிழமைகள். மனுக்காரப் பெரியவர் வந்தபோது லேசாகச் சிரித்தாள். “நான் பேசுனத விட நல்லா இருக்கு” என்றுகூடச் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு அழுகை வந்திருக்கும். அவள் திட்டவில்லை. கடைசியாக ஆடு மேய்க்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கு வந்தோம். ஒரு வரியில் கறுத்த விரலை வைத்தாள். திரையில் ரேகை பதிந்தது.

“இங்க நான் சிரிச்சதா போட்டிருக்க.”

நான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

“நான் அன்னிக்குச் சிரிக்கல டீச்சரு. அந்தம்மாவுக்கு யாராச்சும் இதப் படிச்சுக் காட்டுனா, தான் போனப்புறம் நான் சிரிச்சேன்னுதான நெனைக்கும்?”

“அழிச்சிடறேன்க்கா. இப்பவே அழிச்சிடறேன்.”

“அழி. அந்தாளு கையில குடுத்த அஞ்ச என்ன பண்ணுவ?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

அன்றைக்கே எல்லாவற்றையும் அழித்தேன். பின்னூட்டம் போட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் அந்த ஆண் பெயரோடு காணாமல் போனேன். ஜமாத்தில் ஏஜென்டைக் கண்டித்தார்கள், அவரும் இனி அப்படி ஆள் அனுப்பமாட்டேன் என்று சொன்னார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அது நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தை அந்த அம்மா கேட்கவில்லை. கேட்காமலே அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கினேன்.

அடுத்த வாரம் அந்த அம்மாவே கடைக்கு வந்தார். நான் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். குரல் கேட்டு நடுப்படியில் நின்றுவிட்டேன்.

“ஒன்ன நம்பித்தான காட்டுனேன்? படிக்கத் தெரியாதவ வந்து நின்னா, அது ஒனக்குச் சிரிப்பா இருந்துச்சா? நாத்தனார் வூட்ல சம்பந்தம் வேணாம்னுட்டாங்க. மவ ரெண்டு நாளா சாப்புடல. புள்ளைங்க அத்தா அரபு நாட்டுல அந்த ஏஜென்டோட தம்பி ரூம்லதான் இருந்தாரு, பெட்டிய தூக்கிட்டு வெளிய வந்துட்டாராம். ஒரு வாய அடக்க முடியாதா ஒனக்கு?”

“மன்னிச்சுக்கங்கம்மா” என்றாள் அக்கா.

“எல்லாம் பேசுவியே. இப்பப் பேசு.”

அக்கா பேசவில்லை. நான் இன்னும் ஆறு படி இறங்கியிருந்தால் போதும். திரும்பி மேலே ஏறி, யாரும் இல்லாத வகுப்பில் ஒரு கம்ப்யூட்டரைப் போட்டு, அதன் எதிரே உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு அக்கா படிப்பதை நிறுத்தினாள். தாளை வாங்கும்போதே எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி திருப்பிக்கொள்வாள். கண்ணாடி மேல் வைப்பாள், மூடுவாள், பட்டனை அழுத்துவாள். மனுக்காரப் பெரியவர் ஒன்பதாம் முறையோ பத்தாம் முறையோ வந்தார். “இந்தத் தடவ ‘கோருகிறேன்’கறத எடுத்துட்டு ‘கேட்கிறேன்’னு போட்டிருக்கேன் பாரும்மா” என்று ஆசையாக நீட்டினார். அக்கா, “வச்சிட்டுப் போங்கண்ணே, கரண்டு வந்ததும் போட்டு வைக்கறேன்” என்றாள். அவர் கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். எதிர்ச்சுவரில் வாரம் ஒரு போஸ்டர் மாறியது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாரத்தில் ஒருநாள் வருகிற புருஷன் ஸ்டூலில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அவரே என்னிடம், “இவளுக்கு என்னாச்சு டீச்சரு? ஒடம்பு சரியில்லயா?” என்று கேட்டார். அவர் குரலை நான் கேட்டது அப்போதுதான்.

“தெரியலீங்கண்ணே” என்றேன்.

என்னிடம் அவள் கோபமாக இல்லை. டீ வாங்கித் தருவாள். சாப்பிட்டாயா என்று கேட்பாள். ஆனால் நான் இருக்கும்போது வாயிலிருந்து வருவதை எல்லாம் ஒருதரம் உள்ளேயே எடைபோட்டுப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவாள். அதை நேரில் பார்ப்பது போலத் தெரியும்.

2007-ல் எனக்குத் திருச்சியில் வேலை கிடைத்தது. பெரம்பலூரை விட்டுப் போவதற்கு ஒரு வாரம் முன்பு லப்பைக்குடிக்காட்டுக்குப் பஸ் ஏறினேன். பாஸ்போர்ட்டில் பார்த்த தெருப் பெயர் மறக்கவில்லை. அந்த அம்மா கதவைத் திறந்தார், அடையாளம் தெரிந்துகொண்டு உள்ளே கூப்பிட்டார். உட்காராமலே சொன்னேன்.

“அத எழுதுனது நான்தாங்கம்மா. அக்கா யாருகிட்டயும் எதுவும் சொல்லல. சிரிக்கவும் இல்ல. அத நானாச் சேத்தது.”

அவர் என்னைத் திட்டுவார் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவர் மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தார்.

“யா அல்லா. அப்ப அந்தப் புள்ளைய நான் பேசுனதெல்லாம்?”

உள்ளேயிருந்து ஒரு பெண் டீ கொண்டுவந்து வைத்தாள். “இதான் என் மவ” என்றார். நான் டீயை மட்டும் பார்த்தேன். அந்தப் பெண் நல்லபடியாகத்தான் ‘குடிங்க’ என்றாள். அவளுக்கு விஷயம் கேட்டதா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த அம்மா எழுந்து பீரோவைத் திறந்து ஒரு கவரை எடுத்தார். துப்பட்டியைப் போட்டுக்கொண்டார். “மவளுக்கு வேற எடம் பாத்திருக்கோம். மாப்ள குவைத்துல. என்ன வேல, எவ்வளவு லீவு எல்லாம் காயிதம் அனுப்பியிருக்காங்க. யாருகிட்ட காட்டறதுன்னு தெரியாம வச்சிருந்தேன். வா, ஒன் கூடவே வர்றேன்” என்றார்.

பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பெரம்பலூர் வரும்வரை வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

கடையில் யாரும் இல்லை. அக்கா எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் நான் என்ன செய்துவிட்டு வந்திருக்கிறேன் என்று புரிந்துகொண்டாள். அந்த அம்மா கையை நீட்டி அவளுடைய கறுத்த விரல்களைப் பிடித்தார்.

“தெரியாம பேசிட்டேம்மா. மனசுல வச்சிக்காத.”

“அட, விடுங்கம்மா. அதெல்லாம் அப்பவே போச்சு” என்றாள் அக்கா. சிரித்தாள்கூட. ஸ்டூலைத் தட்டி உட்காரச் சொன்னாள். எனக்கு ஒரு நிமிஷம் எல்லாம் சரியாகிவிட்டது போல இருந்தது.

அந்த அம்மா கவரிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். “மாப்ள வேலைக் காயிதம். நீ பாத்துச் சொன்னாத்தான் எனக்கு மனசு அடங்கும். எந்த எழுத்துல ஆரம்பிக்குதுன்னு பாரு.”

அக்கா வாங்கினாள். வாங்கும்போதே கை அதைத் திருப்பிவிட்டது. எழுத்து கீழே, வெள்ளை மேலே. அவள் வேண்டுமென்று செய்யவில்லை, கை பழகியிருந்தது. கொஞ்சநேரம் அந்த வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு அதை என்னிடம் நீட்டினாள்.

“டீச்சரு படிப்பாங்கம்மா. அவங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியும்.”

நான் படித்தேன். அவர்கள் சொன்ன வேலைதான் இருந்தது. சொன்ன கம்பெனி, வருஷத்துக்கு ஒருமுறை லீவு, தங்குமிடம். வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஒவ்வொரு வரி முடிந்ததும் நான் கொஞ்சம் நிறுத்தினேன், அக்கா ஏதாவது சொல்லுவாள் என்று. அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புதுக் கட்டுத் தாளைப் பிரித்து, விளிம்பைத் தட்டித் தட்டி மெஷினுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.